மஞ்சக்காட்டுப் பையனும் முகப்பருவும்

பண்ணயம், வாய்க்கால் தண்ணி, மஞ்சள் விலைன்னே எழுதிட்டு இருக்கறவன் இந்த வாட்டி முகப்பருவைப் பத்தி எழுதறேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனா எங்க வீட்டுல போன ஒரு வருசமா மஞ்சளைப் பத்திப் பேசினதை விட இதைப் பத்திப் பேசினதுதான் அதிகம். எழுதி முடிச்சுப் பையன்கிட்டக் காட்டினேன். முழுசாப் படிச்சுட்டு, "பேரை மட்டும் போடாதீங்கப்பா, வேற யாருக்காச்சும் ஆகும்"னு சொன்னான். அதுக்கப்புறம்தான் போடறேன்.

பருன்னா நமக்கெல்லாம் தெரிஞ்சது மூக்கு நுனியில ஒண்ணு, நெத்தியில ரெண்டு. வயசுல எல்லாருக்கும் வரும், போயிடும். இவனுக்கும் பத்தாவது படிக்கறப்ப அப்படித்தான் ஆரம்பிச்சுது. பதினொண்ணாவது சேர்ந்தப்ப கன்னம், தாடை, கழுத்து, நெஞ்சு, முதுகுன்னு இறங்கிடுச்சு. ஒவ்வொண்ணும் சுண்டைக்காய் தண்டி. தொட்டா உள்ள கல்லாட்டக் கெட்டியா இருக்கும். ரெண்டு மூணு சேர்ந்து ஒரே கட்டியாகும். ராத்திரி தூக்கத்துல உடைஞ்சு தலகாணி உறையெல்லாம் கறை. துணி துவைக்கறது அவங்கம்மாதான், அதனால அவளுக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. "ஏனுங்க, பையன் பள்ளிக்கூடச் சட்டை முதுகுல ரத்தக்கறை எத்தன தேய்ச்சாலும் போக மாட்டீங்குது"ன்னா.

நான் கவனிச்சது வேற ஒண்ணு. எங்க பக்கம் கீழ்பவானி வாய்க்கால்ல ஆகஸ்ட் 15 வாக்குல தண்ணி விடுவாங்க. தண்ணி வந்த மறுநாள் ஊர்ப் பசங்க பூராவும் வாய்க்கால்லதான் கிடப்பாங்க. இவன் அஞ்சு வயசுலயே நீச்சல் பழகினவன். அந்த வருசம் போகவே இல்லை. கேட்டா "ஹோம் ஒர்க் இருக்குதுங்கப்பா"ங்கறான். சட்டையைக் கழட்டணுமே, அதுதான் விசயம். கொரோனா போயி வருசக்கணக்காகியும் பள்ளிக்கூடத்துக்கு முகக்கவசம் போட்டுட்டுத்தான் போவான். மதியம் சாப்பிடறப்ப அதைக் கழட்டணுமேன்னு சோத்துப் போசியை அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுவான்.

ஒறம்பரை வந்தா ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. சங்கை இழைச்சுப் போடு. ஜாதிக்காயைப் பால்ல உரசிப் போடு. திருநீத்துப் பச்சிலைச் சாறு விடு. கத்தாழை தடவு. எலுமிச்சம்பழம் தேயி. பல்லு விளக்கற பேஸ்ட்டை வையி. உடம்புச் சூடு, அதனால கொள்ளைத் தின்னாதே, கோழியைத் தின்னாதே, கடலையைத் தொடாதே. தலைக்கு எண்ணெய் வழிய வழிய வையி. ஒரு மாமன் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "பையனுக்கு ஏதாச்சும் கெட்ட பழக்கம் இருக்கான்னு பாரு மாப்பிள்ளை"ன்னு காதைக் கடிச்சாரு. அந்தப் பேச்சு பையன் காதுக்கும் போயிருந்துச்சுங்கறது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

அப்புறம் மஞ்சள். "மஞ்சக்காட்டுக்காரன் பையனுக்குப் பருவா?"ன்னு கேக்காத ஆளில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க, நானும் முப்பது வருசமாப் போடறேன். மஞ்சள் மேல எனக்கு மரியாதை உண்டு. எங்கம்மா கஸ்தூரி மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு மாசக்கணக்காப் பூசி விட்டாங்க. பையன் அப்பத்தாவுக்காக மூஞ்சியைக் காட்டிட்டு உக்காந்திருப்பான். காஞ்சதும் உரிச்சா கட்டியெல்லாம் எரியும், ஒண்ணும் குறையலை. மஞ்சளைக் குறை சொல்லலீங்க. இது தோலுக்கு அடியில ஆழத்துல பழுக்கற கட்டி. மேல பூசறது அங்க போய்ச் சேராது.

எல்லாரும் கடைசியா ஒரே பேச்சுத்தான் பேசுவாங்க: "ஆம்பளப் பையனுக்கு மூஞ்சி எதுக்குங்க? பொட்டப்புள்ளையா இருந்தாத்தான் வெசனப்படோணும்." இந்த ஒரு பேச்சு அவனை எத்தன தூரம் அடிச்சுதுன்னு சொன்னவங்களுக்குத் தெரியாது. வலிக்குதுன்னும் சொல்ல முடியாது, அழவும் முடியாது. ஆம்பளையாச்சே.

ஐப்பசி கார்த்திகை வாக்குல திடீர்னு மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு. கட்டியெல்லாம் அமுங்கிப் போச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம். கூடப் படிக்கற பையன் சொன்னான்னு மருந்துக்கடையில ஒரு டியூப் வாங்கிப் போட்டிருக்கான். டாக்டர் சீட்டும் கேக்கலை, எதுக்குன்னும் கேக்கலை, கொடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் பூசியிருக்கான். டியூப் தீர்ந்து நாலஞ்சு நாள் விட்டான், அவ்வளவுதான். பொங்கலுக்கு முன்னாடி மூஞ்சி முழுக்க நெருப்பாட்டச் செவந்து, முன்னை விட ரெண்டு மடங்கு கிளம்பிடுச்சு. வெயில்ல நின்னா எரியுதுங்கறான். பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்தாங்க, இவன் கட்டிலை விட்டு எந்திரிக்கலை. மூணாம் நாள் அவங்கம்மாகிட்ட, "நான் தோட்டத்துலயே இருந்துக்கறேன், படிப்பு வேண்டாம்"னு சொல்லியிருக்கான்.

தோட்டத்துல இருக்கறது கேவலமில்லை. நான் அங்கதான் இருக்கேன். ஆனா புடிச்சு வர்றது வேற, ஒளிஞ்சுக்க வர்றது வேற.

அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணினோம், தோல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறதுன்னு. நேரம் பாருங்க, மஞ்சள் வெட்டு நடந்துட்டிருக்குது. ஆள் சொல்லியாச்சு, வேக வைக்கற பாய்லர்காரர்கிட்ட முறை வாங்கியாச்சு. முறை தப்பினா மறுபடி எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. வெட்டின மஞ்சளைப் போட்டு வெச்சா நிறம் கெடும். எங்க வீட்டம்மா, "மஞ்சள் கெடந்தாக் கெடக்கட்டுமுங்க, நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க"ன்னுட்டா.

சத்தியமங்கலத்துல விடிகாலை பஸ் ஏறினோம். புளியம்பட்டி, அன்னூர் வழியாக் கோயமுத்தூர் காந்திபுரம். வியாழக்கிழமை புளியம்பட்டி மாட்டுச் சந்தை, அதனால பஸ்ஸுல நிக்க இடமில்லை. பையன் முகக்கவசத்தைப் போட்டு, அதுக்கு மேல துண்டையும் சுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டான். அங்கிருந்து டவுன் பஸ் புடிச்சு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஓபி சீட்டு போட்டு, தோல் நோய்ப் பிரிவு எங்கன்னு விசாரிச்சுப் போயி உக்காந்தா, வரிசையில இவன் வயசுப் பசங்களும் புள்ளைங்களும் ஒரு பத்துப் பேரு. எல்லாருக்கும் பரு. இவன் சுத்திச் சுத்திப் பாத்தான். கொஞ்ச நேரம் கழிச்சுத் துண்டை எடுத்து மடியில வெச்சுக்கிட்டான்.

டாக்டரம்மா முதல்ல மூஞ்சியைப் பாக்கலை, கேள்விதான் கேட்டாங்க. எப்ப ஆரம்பிச்சுது? என்னென்ன போட்டீங்க? வீட்டுல யாருக்காச்சும் இப்படி இருந்துதா? ஜிம்முக்குப் போறியா, புரோட்டீன் பவுடர் சாப்பிடறியா? ராத்திரி தூக்கம் வருதா? டியூப்பைக் கொண்டாந்திருந்தோம். வாங்கிப் படிச்சுட்டு, "இதுல மூணு மருந்து இருக்குங்கய்யா. ஒண்ணு பூஞ்சைக்கு, ஒண்ணு கிருமிக்கு, மூணாவது ஸ்டீராய்டு. படர்தாமரைக்குன்னு விக்கறாங்க, அதுக்கே இது நல்லதில்லை. மூஞ்சியில போடவே கூடாது"ன்னாங்க. ஸ்டீராய்டு வீக்கத்தைச் சட்டுன்னு அமுக்கும். அதனால பளபளன்னு தெரியும். உள்ள தோல் மெலிஞ்சு போகும், ரத்தக் குழாய் வெளிய தெரியும், புதுசாப் பருவையும் கிளப்பும். நிறுத்தினா அமுக்கி வெச்சதெல்லாம் திரும்பி வரும். 2018-லயே மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்பையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. கடைவீதியில போய்க் கேட்டுப் பாருங்க, எத்தன பேர் சீட்டுக் கேக்கறாங்கன்னு.

எனக்கு இது புதுசாத் தெரியலீங்க. பண்ணயத்துல தினம் பாக்கறதுதான். செடியில பூச்சி தெரிஞ்சா கடைக்காரர் மூணு மருந்தைக் கலந்து கொடுப்பாரு. மூணே நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிடும். நல்லது பண்ற பூச்சியும் சேர்ந்து செத்துப் போயி, இருபது நாள் கழிச்சு முன்னை விட மோசமா வந்து நிக்கும். அதனாலதான் மஞ்சள்ல இலைப்புள்ளியோ கிழங்கு அழுகலோ வந்தா, விசயம் தெரிஞ்சவங்க செடியைப் புடுங்கிட்டு நேரா வேளாண் ஆபீசுக்குப் போவாங்க. என்ன நோயின்னு தெரிஞ்சாத்தானே என்ன மருந்துன்னு தெரியும்?

பரு எதுக்கு வருதுன்னு டாக்டரம்மா படம் போட்டே காட்டினாங்க. ஒவ்வொரு முடிக்குழியிலயும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. வயசுக்கு வர்றப்ப ஆண் ஹார்மோன் கூடும், பெண் பிள்ளைகளுக்கும் அது கொஞ்சம் உண்டு. சுரப்பி எண்ணெயை அதிகமாத் தள்ளும். குழி வாயில செத்த தோல் அடைச்சுக்கும். எல்லார் தோல்லயும் சும்மா குடியிருக்கற ஒரு கிருமி அடைப்புக்குள்ள பெருகும். உடம்பு அதை எதுத்துச் சண்டை போடறதுதான் வீக்கமும் சீழும். சிலருக்கு அந்தச் சண்டை ஆழத்துல நடக்கும். இவனுக்கு வந்தது அந்த வகை. விட்டா தோல் குழிஞ்சு வடுவாயிடும், வடு ஆன பிறகு வைத்தியம் கஷ்டம்.

"அழுக்குனால வர்றதில்லை தம்பி, நீ பண்ணின எந்தத் தப்புனாலயும் வர்றதில்லை. உங்க மாமா சொன்ன பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை"ன்னாங்க. மாமன் பேச்சை அவங்ககிட்ட நான் சொல்லலை. அவன்தான் சொல்லியிருக்கான். நடுவுல என்னை, "ஒரு பத்து நிமிசம் வெளிய இருங்கய்யா"ன்னு அனுப்பியிருந்தாங்க. அப்பத்தான் பேசியிருப்பான் போல. திரும்பி உள்ள போனப்ப அவன் கண்ணு செவந்திருந்துச்சு. "பையன் மனசொடிஞ்சு இருக்கான். வைத்தியம் மூஞ்சிக்கு மட்டுமில்லை, அதுக்கும் சேர்த்துத்தான். வீட்டுல யாரும் இதைப் பத்திக் கேலியாவோ புத்திமதியாவோ பேசக் கூடாது"ன்னு என்கிட்டச் சொன்னாங்க. ஒறம்பரைக்கெல்லாம் அதை நானே போன் பண்ணிச் சொன்னேன்.

முதல் மூணு மாசம் டாக்சிசைக்ளின்னு ஒரு மாத்திரை, ராத்திரி பூச ஒரு மருந்து, காலையில பென்சாயில் பெராக்ஸைடுன்னு ஒண்ணு. கிருமி மாத்திரையைத் தனியாவும் கொடுக்க மாட்டாங்களாம், மாசக்கணக்கா இழுத்துட்டும் போக மாட்டாங்களாம். கிருமி பழகிடும். எங்க பூச்சிகளும் அப்படித்தானே. அந்தக் காலை மருந்து பட்டு என் நீலத் துண்டு அங்கங்க வெளுத்துப் போச்சு. அது துணியை வெளுக்குமாம், முன்னாடியே சொன்னாங்க, வெள்ளைத் துண்டு வெச்சுக்கோங்க. ஸ்டீராய்டை நிறுத்தினதுக்கு ஒரு மாசம் மூஞ்சி எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. ஒரு நாள் கோவத்துல மருந்தையெல்லாம் ஜன்னல் வழியா வீசிட்டான். அப்பத்தா பொறுக்கிக் கொண்டாந்து ஒண்ணும் பேசாம அலமாரியில வெச்சாங்க.

முதுகுல இருந்த சின்னது குறைஞ்சுது, ஆழமான கட்டி போகலை. வைகாசியில ஐசோட்ரெட்டினாயின் ஆரம்பிச்சாங்க. விட்டமின் ஏ குடும்பத்து மருந்து. அமெரிக்காவுல 1982-ல அனுமதிச்சது, இத்தன வருசமாகியும் மோசமான பருவுக்கு இதுதான் பெரிய மருந்து. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிடும். முன்னாடியே ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க, ஈரல் எப்படி இருக்கு, கொழுப்பு எத்தனன்னு. நடுவுலயும் எடுத்தாங்க. எடை பாத்து அளவு போடுவாங்க. இவன் 52 கிலோ, முதல் மாசம் தினம் 20 மில்லிகிராம், அப்புறம் 30. சாப்பாட்டோட, கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ இருக்கற சாப்பாட்டோட போடணும், அப்பத்தான் உடம்புல சேரும்.

சும்மா இல்லீங்க அந்த மாத்திரை. முதல் சில வாரம் பரு கூடவே செஞ்சுது. சொல்லி வெச்சிருந்ததால தாங்கினோம். உதடு வெடிச்சு, சிரிச்சா ரத்தம் வரும். வாசலைன் டப்பா எப்பவும் சட்டைப் பையில இருக்கும். வெயில் ஆகாது. அதனால அவன் தோட்டத்துக்கு வர்றதுன்னா காலையில எட்டு மணிக்குள்ள, இல்லை பொழுதோட. மனசு மாறுதான்னும் கவனிக்கச் சொன்னாங்க. சோர்வா இருக்கானா, தனியாவே கிடக்கறானான்னு. பெண் பிள்ளைங்க விசயத்துல இன்னும் கண்டிப்பு. இந்த மருந்து சாப்பிடறப்பவும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பமாகவே கூடாது, குழந்தைக்கு மோசமான ஊனம் வரும். அந்தக் காலம் முடியற வரைக்கும் யாரும் ரத்தம் கொடுக்கவும் கூடாது. டாக்டர் கண்காணிப்பு இல்லாம, அக்கா வாங்கின மாத்திரையைத் தங்கச்சி போடற கதையெல்லாம் இதுல ஆகாது.

மூணாவது மாசம்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. தாடையில ஒரு கட்டி மட்டும் அமுங்கவே இல்லை. அதுக்குள்ள டாக்டரம்மா ஒரு ஊசி போட்டாங்க. என்ன மருந்துன்னு கேட்டேன். ஸ்டீராய்டுதான்னாங்க! ஒரே கட்டியில, ஒரு துளி, அளவு தெரிஞ்ச கையி. மூஞ்சி பூராவும் ரெண்டு மாசம் அப்பினது அது இல்லை. நாலஞ்சு நாள்ல கட்டி வத்திடுச்சு.

அந்த ஆகஸ்டுல வாய்க்கால்ல தண்ணி வந்தப்ப, ரெண்டு நாள் கரையில நின்னு பாத்துட்டு இருந்தான். மூணாம் நாள் சட்டையைக் கழட்டாம அப்படியே குதிச்சுட்டான். ஈரச் சட்டையோட வீட்டுக்கு வந்தவனை அவங்கம்மா திட்டவே இல்லை.

செலவைக் கேப்பீங்க. அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் பாக்கறதுக்கும் பரிசோதனைக்கும் காசில்லை. பெரிய மாத்திரை மட்டும் வெளிய வாங்கினோம். மாசம் ஒரு நாள் பஸ்ஸு, அந்த ஒரு நாள் தோட்டத்து வேலை. போன வருசம் பாய்லர் முறை தப்பி மஞ்சள் வெந்தது பத்து நாள் தள்ளித்தான். நிறம் கொஞ்சம் மங்கி, குவிண்டாலுக்கு விலையும் குறைச்சுத்தான் கேட்டாங்க. பரவால்லீங்க.

மொத்தம் எட்டு மாசம் ஓடி, போன மார்கழியோட மாத்திரை முடிஞ்சுது. புதுக் கட்டி இல்லை. ரெண்டு கன்னத்துலயும் குழி இருக்கு, அது முழுசாப் போகாது, கொஞ்ச நாள் கழிச்சு வைத்தியம் பண்ணிக் குறைக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இவன் இப்ப பன்னெண்டாவது, மார்ச்சுல பரிச்சை. ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கறப்ப முகக்கவசம் இல்லாம நின்னானாம், வாத்தியார் சொன்னாரு.

இது படிக்கற டவுன்காரங்களுக்கு நாலு வார்த்தை. உங்க ஊர்ல கிளினிக்குக்குப் பஞ்சமில்லை, ஆனா பார்லர்காரரும் செல்போன் வீடியோவும் மருந்து சொல்றது அங்கயும் இருக்குது. பரு கட்டி கட்டியா வந்தா, வலிச்சா, வடு விழ ஆரம்பிச்சா, நெஞ்சு முதுகுன்னு பரவினா, காத்திருக்காம தோல் படிச்ச டாக்டரைப் பாருங்க. பெண் பிள்ளைக்கு மாதவிலக்கும் தாறுமாறா இருந்தா அதையும் சொல்லுங்க, ஹார்மோன் பாக்க வேண்டி வரும். கிள்ளாதீங்க, எலுமிச்சை தேய்க்காதீங்க, நாளைக்குப் பத்து வாட்டி சோப்புப் போட்டுக் கழுவாதீங்க, ரெண்டு வாட்டி போதும். தலைக்கு எண்ணெய் வெச்சா நெத்தியில வழிய விடாதீங்க. வீட்டுல இருக்கற எல்லா டியூப்பையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. எது போட்டாலும் ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும்.

புள்ளை சாப்பாடு தூக்கத்தை விட்டுட்டு, ஆளுகளைப் பாக்காம ஒதுங்கிக் கிடந்தா, அதை வயசுக் கோளாறுன்னு விட்டுடாதீங்க. 104-க்குப் போன் போட்டுப் பேசலாம், 14416-ம் இருக்குது, ரெண்டுக்கும் காசில்லை.

முக்கியமா, அது ஆம்பளப் பையனா இருந்தாலும் மூஞ்சி அவனோட மூஞ்சிதானுங்க. அவன் தினம் கண்ணாடியில பாக்கறது அதைத்தான்.

இந்த வருச மஞ்சள் வெட்டு நாளைக்குத் தொடங்குது. பாய்லர் முறை இந்த வாட்டி முதல்லயே வாங்கி வெச்சாச்சு. விலை என்ன போகுதுன்னு அடுத்த பதிவுல எழுதறேன். வரட்டுங்களா.